நிழலின் அருமை: உதவி டி செல்களின் வரலாறு

நம் வீடுகளில் சின்னம்மை கண்ட பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டால், அம்மை இறங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்கிறோம். வாசலில் செருகியிருந்த வேப்பிலை எடுக்கப்படுகிறது. விலகியிருந்த உறவினர் மீண்டும் வரத் தொடங்குகின்றனர். நோய் போயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயைக் கொண்டுவந்த வைரஸ் போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் புகுந்து, அந்தப் பிள்ளை வளர்ந்து முதியவராகும் வரையிலும் அது அங்கேயே அடங்கிக் கிடக்கிறது.

இவ்வாறு நம்முள் குடியிருப்பது அது ஒன்று மட்டுமன்று. காய்ச்சலின்போது உதட்டோரம் கொப்புளமாக எழும் ஹெர்பிஸ் வைரஸ், எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், பலரிடம் குழந்தைப் பருவத்திலேயே ஓசையின்றி நுழைந்துவிடும் சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவையும் ஒருமுறை புகுந்தால் வெளியேறுவதில்லை. வளர்ந்த மனிதருள் மிகப் பெரும்பாலோர் இவற்றுள் ஒன்றையேனும் சுமந்தே வாழ்கின்றனர். அப்படியிருந்தும் நாம் உண்கிறோம், உழைக்கிறோம், உறங்குகிறோம். இவற்றை அடக்கி வைத்திருப்பது எது என்று நாம் கேட்பதில்லை. காவல் ஒழுங்காக நடக்கும் ஊரில் காவலரை எவரும் நினைப்பதில்லை அன்றோ!

அந்தக் காவலில் தலையாய இடம் பெறுவது நம் குருதியில் ஓடும் ஒருவகை வெள்ளணு. 'உதவி டி செல்' என்பது அதன் பெயர். பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது தானே முன்னின்று எதையும் கொல்வதில்லை. கொல்ல வல்லவற்றுக்குத் துணை நிற்கிறது. அதை மனிதர் கண்டறிந்த வரலாறு விந்தையானது, வேதனையும் கலந்தது. அது நல்ல நிலையில் இருந்த உடல்களில் எவரும் அதைக் காணவில்லை. அது இல்லாமற்போன உடல்களில்தான் அதன் பெருமை தெரியவந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. மருத்துவ வரலாற்றில் அம்மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பழி சுமந்த சுரப்பி

டி செல் என்பதிலுள்ள 'டி', தைமஸ் என்னும் சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் இச்சுரப்பி, குழந்தைப் பருவத்தில் உடலின் அளவுக்குப் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. இதன் பணி என்ன என்பது பல நூற்றாண்டுகள் தெரியாமலே இருந்தது.

தெரியாததைத் தெரியாதது என்று விட்டிருந்தால் தீங்கு விளைந்திராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உறக்கத்தில் திடீரென இறந்துபோன குழந்தைகளின் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டனர். அதுவே இறப்புக்குக் காரணம் என்று முடிவு கட்டினர். உண்மையில் அக்குழந்தைகளின் தைமஸ் இயல்பான அளவில்தான் இருந்தது. மருத்துவக் கல்லூரிகளில் அறுத்துப் பார்க்கக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். பட்டினியாலும் நெடுநாள் நோயாலும் தைமஸ் வற்றிப்போகும். அவ்வாறு வற்றியதையே இயல்பு என்று பாடம் படித்தவர்களுக்கு, நலமாக இருந்த குழந்தையின் சுரப்பி வீங்கியதாகத் தோன்றியது. வறுமையை அளவுகோலாகக் கொண்டு நலத்தை நோய் என்று அளந்த கதை இது.

அந்தப் பிழை ஏட்டோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், அமெரிக்காவில் நல்ல உடல்நலத்தோடு இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு, இச்சுரப்பியைச் சுருக்குவதற்காக எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. பெற்றோர் நம்பிக்கையோடு கொண்டுவந்து கொடுத்தனர். மருத்துவரும் நன்மை செய்வதாகவே நம்பினர். அக்குழந்தைகளுள் சிலருக்குப் பின்னாளில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் தோன்றியது. 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் இரு மருத்துவர்கள் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினர். அதன் பின்னரே அவ்வழக்கம் மெல்ல மறைந்தது. குற்றம் செய்யாத உறுப்பின்மீது சுமத்திய பழியைக் குழந்தைகள் சுமக்க நேர்ந்தது.

கவனிக்கப்படாத இரு குறிப்புகள்

அக்காலத்தில் நோய்த் தடுப்பாற்றலைப் பற்றிய சிந்தனை முழுவதும் வேறு திசையில் இருந்தது. 1890இல் பெர்லின் நகரில் பேரிங், கிட்டசாட்டோ என்னும் இருவரும், நோய்க்கிருமியின் நச்சை முறிக்கும் ஆற்றல் குருதியின் தெளிந்த நீரில் உண்டு என்று மெய்ப்பித்தனர். அந்நீரிலுள்ள புரதங்களையே எதிர்ப்பொருள்கள் என்கிறோம். தொண்டை அடைப்பான் நோயிலிருந்து எண்ணற்ற குழந்தைகளை மீட்ட கண்டுபிடிப்பு அது. ஆதலால், உடலின் காவல் என்றால் எதிர்ப்பொருள்தான் என்னும் எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை.

எனினும் அந்த விளக்கத்துக்குள் அடங்காத இரு செய்திகள் வெளிவந்தன. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, தோலை இலேசாகக் கீறி டியூபர்குலின் என்னும் மருந்தை வைத்துக் காசநோய்த் தொற்றை அறியும் முறையைக் கண்டவர். அக்கிருமியை முன்பே சந்தித்த குழந்தையின் தோல், ஓரிரு நாளில் சிவந்து தடிக்கும். ஆனால் அதே குழந்தைக்குத் தட்டம்மை கண்டால், அந்தத் தடிப்பு சில நாட்களுக்கு எழாமற் போவதை 1908இல் அவர் எழுதினார். தட்டம்மை வைரஸ் உடலின் ஏதோ ஒரு காவலை உறங்கச் செய்கிறது என்பது புலனாயிற்று. அந்தக் காவல் எது என்பது புலனாகவில்லை.

மற்றொரு செய்தி 1952இல் வந்தது. அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நிமோனியா முதலிய கொடிய தொற்றுகளுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியை ஆராய்ந்தார். எதிர்ப்பொருள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதுபோன்ற குழந்தைகள் பின்னர் வேறு இடங்களிலும் கண்டறியப்பட்டனர். பாக்டீரியாக்கள் அவர்களை ஓயாமல் வாட்டின. ஆனால் தட்டம்மையோ சின்னம்மையோ கண்டபோது, அவர்களுள் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே குணமடைந்தனர். போலியோ இனத்தைச் சேர்ந்த சில வைரஸ்கள் இதற்கு விலக்கு. எதிர்ப்பொருள் இல்லாத உடலில் அம்மையை ஆற்றியது எது? அந்தக் கேள்விக்கு அன்று விடையில்லை.

எலிகள் சொன்ன விடை

விடையின் முதற்பகுதி 1961இல் இலண்டனிலிருந்து வந்தது. பிரான்சில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜாக் மில்லர் என்னும் இளம் ஆய்வாளர், எலிகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். காசநோய்க்குத் தம் தமக்கையைப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் புற்றுநோய் தைமஸ் சுரப்பியில் தொடங்குவதால், பிறந்த உடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். வளர்ந்த எலிகளில் அகற்றியபோது குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் நேரவில்லை என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் இக்குஞ்சுகளோ பால்குடி மறந்த சில வாரங்களில் மெலிந்து, நலிந்து, மடிந்தன. வைரஸ் செலுத்தப்படாத குஞ்சுகளுக்கும் இதே கதி நேர்ந்தது.

அவற்றின் குருதியில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. வேற்றினமான பெருச்சாளியின் தோலை ஒட்டவைத்தபோதும் அவ்வுடல்கள் அதைத் தள்ளவில்லை. தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறியும் ஆற்றலே அவற்றிடம் இல்லை. வளர்ந்த எலியில் தைமஸை அகற்றியபோது தீங்கு தெரியாததன் காரணமும் விளங்கிற்று. அதற்குள் தைமஸ் தன் மாணவர்களைப் பயிற்றி உடலெங்கும் அனுப்பி முடித்திருந்தது. பள்ளியை மூடினாலும் படித்து வெளியேறியவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்வார்கள்.

அறிவுலகம் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. உறுப்பு மாற்றத்தின் அடிப்படையை ஆராய்ந்து 1960இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார்கூட, தைமஸில் வெள்ளணுக்கள் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல் என்றே அக்காலத்தில் கருதினார். பேரறிஞருக்கும் பழைய எண்ணத்தின் பிடியிலிருந்து விடுபடுவது எளிதன்று.

ஆனால் குழந்தைகள் சாட்சியாக வந்தனர். 1965இல் பிலடெல்பியாவின் குழந்தை மருத்துவர் ஆஞ்சலோ டிஜார்ஜ், தைமஸ் இல்லாமலே பிறந்த குழந்தைகளைப் பற்றி அறிவித்தார். வைரஸ்களும் காளான்களும் அக்குழந்தைகளை எளிதில் வீழ்த்தின. புரூட்டனின் நோயாளிகளையும் டிஜார்ஜின் நோயாளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, உடலின் காவல் ஒன்றன்று, இரண்டு என்பது தெளிவாயிற்று.

அவ்விரண்டுக்கும் உள்ள உறவை 1966இல் டென்வர் நகரின் ஹென்றி கிளாமன் காட்டினார். கதிர்வீச்சால் வெள்ளணுக்கள் அழிக்கப்பட்ட எலிகளுக்குத் தைமஸ் அணுக்களை மட்டும் கொடுத்தார். எதிர்ப்பொருள் ஏதும் சொல்லும்படியாக உண்டாகவில்லை. எலும்பு மஜ்ஜை அணுக்களை மட்டும் கொடுத்தார், அப்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிட மிகுதியாக எதிர்ப்பொருள் பெருகிற்று. 1968இல் மெல்பர்ன் நகரில் மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செலும் மேலும் ஒரு படி சென்றனர். எதிர்ப்பொருளைச் சுரப்பவை மஜ்ஜையிலிருந்து வந்த அணுக்களே. தைமஸிலிருந்து வந்தவை ஒரு துளியும் சுரப்பதில்லை. ஆயினும் அவை அருகில் இல்லாவிட்டால் மஜ்ஜை அணுக்கள் தம் பணியைச் செய்வதில்லை என்று நிறுவினர். 'உதவி' என்னும் சொல் அறிவியலில் இவ்வாறுதான் இடம் பெற்றது. வேலையைச் செய்தவர் வேறு. செய்ய வைத்தவர் வேறு.

உதவி என்பது யாது?

பின்வந்த ஆண்டுகளில் அந்த உதவியின் நடைமுறை சிறிது சிறிதாக விளங்கிற்று. ஒரு வைரஸ் உடலினுள் நுழைந்ததும், அங்குள்ள ஒருவகை அணு அதை விழுங்கித் துண்டு துண்டாக்குகிறது. 1973இல் ரால்ஃப் ஸ்டெய்ன்மன் அடையாளம் கண்ட கிளையணு என்பது இதுவே. கிளையணு அத்துண்டுகளுள் ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, அருகிலுள்ள நெறிக்கட்டிக்குச் செல்கிறது. காய்ச்சலின்போது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த இடத்துக்குத்தான். அங்கே ஆயிரமாயிரம் உதவி டி செல்கள் வந்து வந்து பார்த்துச் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் இனங்காணும். பொருத்தமானது வந்து சேரும் வரையில் காத்திருப்புத்தான்.

பொருத்தமான செல் அத்துண்டை இனங்கண்டதும் பெருகத் தொடங்குகிறது. ஒன்று பலவாகி, மூன்று திசைகளில் உதவியை அனுப்புகிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவை அணுகி, இன்னும் கூர்மையான எதிர்ப்பொருளை உண்டாக்கத் தூண்டுகிறது. வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கும் கொல்லி டி செல்களுக்கு ஆற்றலும் நினைவும் தருகிறது. இண்டர்ஃபெரான் போன்ற புரதங்களை வெளியிட்டு, சுற்றிலுமுள்ள விழுங்கணுக்களை விழிப்பூட்டுகிறது. போர் முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிட, ஒரு சிறு பகுதி நினைவணுக்களாக எஞ்சி உடலெங்கும் சுற்றி வருகிறது.

உதவி செல்லையும் கொல்லி செல்லையும் வெவ்வேறென்று பிரித்துக் காணும் அடையாளம், 1975இல் எலிகளிலும் 1979இல் மனிதரிலும் கிட்டியது. மனித உதவி செல்லின் மேலுள்ள அந்த அடையாளப் புரதமே பிற்காலத்தில் சி.டி.4 என்று பெயர் பெற்றது. ஆய்வுக்கூடத்தின் அலமாரியில் இருந்திருக்க வேண்டிய அந்தப் பெயர், மிக விரைவில் உலகத்தின் துயரப் பெயர்களுள் ஒன்றாயிற்று.

காவல் இழந்த உடல்

1981 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அதுவரை நலமாக இருந்த ஐந்து இளைஞர்களுக்கு, வலுவிழந்த உடல்களை மட்டுமே தாக்கும் ஓர் அரிய நிமோனியா கண்டிருந்தது. அறிக்கை வெளிவருவதற்கு முன்பே இருவர் இறந்துவிட்டனர். அந்த ஐவரிடமும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இருந்தது என்பதும் அக்குறிப்பில் உண்டு. பெரும்பாலான மனிதர் அறியாமலே சுமந்து திரியும் அந்த எளிய வைரஸ், இத்தகைய நோயாளிகளிடம் கண்ணின் விழித்திரையை அரித்துப் பார்வையைப் பறித்தது, குடலைப் புண்ணாக்கிற்று. உதட்டோரக் கொப்புளம் ஆறாத புண்ணாகப் பரவிற்று. எப்ஸ்டீன்-பார் வைரஸ் புற்றுக்கட்டிகளை எழுப்பிற்று. புதிய பகைவர்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்ததுபோல் முதலில் தோன்றியது. உண்மையில் அவற்றுள் பல, வீட்டுக்குள்ளேயே நெடுநாளாக அடங்கிக் கிடந்தவை.

அவ்விளைஞர்களின் குருதியை ஆராய்ந்தபோது, உதவி டி செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோந்தாஞியே குழுவினர், பின்னாளில் எச்.ஐ.வி. எனப் பெயர் பெற்ற வைரஸைக் கண்டறிந்தனர். 1984 இறுதியில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் கைப்பிடி, சி.டி.4 என்னும் அந்த அடையாளப் புரதமே. காவலர் அணிந்திருந்த முத்திரையையே கள்வன் வாயிலாக்கிக் கொண்டான்.

அதுவரை உதவி டி செல்லின் பெருமையைச் சொன்னவை எலிகளும் ஒருசில குழந்தைகளும். இப்போது அதைச் சொன்னது இலட்சக்கணக்கான மனிதரின் மரணம். நலமுடைய ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை சி.டி.4 செல்கள் இருக்கும். அவை 200க்குக் கீழே இறங்கினால் அந்த அரிய நிமோனியா தலைகாட்டும். 50க்குக் கீழே போனால் சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தாக்கும். எந்தப் படியில் எந்த நோய் என்று மருத்துவர் எண்ணிச் சொல்ல முடிந்தது. அதாவது, நலமாயிருந்த நாட்களில் எத்தனை பகைகளை அந்தச் செல்கள் ஒவ்வொரு நாளும் தாங்கி நின்றன என்பதன் பட்டியல், அவை ஒவ்வொரு படியாக இறங்கியபோதுதான் நம் கைக்குக் கிடைத்தது.

சென்னைக்கு வந்த செய்தி

இது தொலைவிலுள்ள நாடுகளின் கதை என்று நாம் எண்ணியிருந்த காலமும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. அவருடைய வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்னும் ஆய்வு மாணவி, பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்து, 1986இல் சோதனைக்காக வேலூருக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் ஆறு, எச்.ஐ.வி. தொற்றைக் காட்டின. இந்தியாவில் இத்தொற்று உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. அந்தப் பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்கள் தந்த சில துளிக் குருதிதான் ஒரு நாட்டை விழிக்கச் செய்தது என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

நம் நாட்டில் காவல் இழந்த உடல்களை முதலில் வீழ்த்தியது காசநோய். பிர்க்கே கண்ட தோல் தடிப்பும், காசநோய்க் கிருமியைப் பலரின் நுரையீரலில் வாழ்நாள் முழுதும் சிறைப்படுத்தி வைப்பதும் இதே உதவி டி செல்களின் பணி என்பதை இங்கு இணைத்துப் பார்க்கலாம். அக்கியும் ஓர் அடையாளமாயிற்று. நம் ஊர்களில் முதியவர்களுக்கு வரும் நோய் என்று அறியப்பட்டது அது. குயவர் வீட்டில் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அந்த அக்கி இளவயதினர் உடலில் பட்டைபட்டையாய் எழுந்தபோது, மருத்துவர்கள் சி.டி.4 குறைந்திருக்குமோ என்று ஐயுறத் தொடங்கினர்.

1996ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை மேலை நாடுகளில் பரவிற்று. அப்போது நிகழ்ந்தது உதவி டி செல்லின் வரலாற்றிலேயே மிகத் தெளிவான சான்று. மருந்து எச்.ஐ.வி.யை மட்டுமே அடக்கிற்று. சைட்டோமெகலோ வைரஸுக்கு அது மருந்தன்று. ஆயினும் உதவி டி செல்கள் மெல்ல மெல்லப் பெருகியபோது, விழித்திரையைத் தின்றுகொண்டிருந்த அந்த வைரஸ் தானே அடங்கிற்று. பலருக்கு அதற்கெனக் கொடுத்துவந்த மருந்தை நிறுத்திவிட முடிந்தது. காவலர் திரும்பிவர, வீட்டினுள் எழுந்த கலகம் ஓய்ந்தது.

ஆனால் அம்மருந்துகள் நம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். தாம்பரம் மார்பு நோய் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களுள் ஒன்று. சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கு முதலிடம் என்பது அந்நாளைய விதி. ஆய்வுக்கூடத்து வாசலில் சீட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, அதிலுள்ள ஓர் எண் எத்தனை பெரிய செய்தியாக இருந்திருக்கும்! பள்ளி செல்லாத தாய்மாரும் சி.டி.4 என்னும் சொல்லைப் பிழையின்றிச் சொல்லக் கற்றுக்கொண்டனர். 2017 முதல், எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை என்று நம் நாடு முடிவு செய்தது. காவலர் வீழும் வரை காத்திருத்தல் தகாது என்பதை நாம் உணர்வதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

சுமந்து வாழும் நினைவு

நலமாயிருப்போரின் உடலிலும் இக்காவலின் விலை சிறிதன்று. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சைட்டோமெகலோ வைரஸைச் சுமப்பவர்களின் குருதியிலுள்ள நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு, அந்த ஒரு வைரஸைக் கண்காணிப்பதற்கே ஒதுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. நாம் அறியாத ஒரு வைரஸுக்காக நம் உடல் செலுத்தும் அன்றாட வரி இது.

முதுமையில் இந்தக் காவல் தளர்கிறது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் பொது மருத்துவராயிருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம் நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகக் குறித்து வந்தார். பிள்ளைப் பருவத்தில் வந்த சின்னம்மை வைரஸே நரம்பில் உறங்கியிருந்து, காவல் தளரும்போது அக்கியாக எழுகிறது என்று 1965இல் அவர் எழுதினார். பெரிய ஆய்வுக்கூடமோ கருவிகளோ அவரிடம் இல்லை; நோயாளிகளின் வாழ்க்கையை நினைவில் வைத்திருந்த குடும்ப மருத்துவர் அவர். அவர் சொன்னது சரியே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. முதியோரிடம் அவ்வைரஸுக்கெதிரான எதிர்ப்பொருள் பெரிதும் குறைவதில்லை. குறைவது டி செல்களின் ஆற்றல். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய அக்கித் தடுப்பூசி, உதவி டி செல்களை மீண்டும் எழுப்பும் வகையில் அமைக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தோரிடையே நடந்த சோதனையில், அது அக்கி வருவதை நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு குறைத்தது.

உடலில் தங்காமல் வந்து போகும் வைரஸ்களையும் இச்செல்கள் மறப்பதில்லை. 2012இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், தாமே முன்வந்த சிலருக்குக் கண்காணிப்பில் இன்ஃபுளுவென்சா வைரஸைக் கொடுத்துப் பார்த்தனர். அவ்வகை வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாதவர்களாயினும், முந்தைய காய்ச்சல்களிலிருந்து நினைவு உதவி டி செல்களை மிகுதியாகப் பெற்றிருந்தவர்களுக்கு நோய் எளிதாகவே கடந்து சென்றது. 2020இல் கொரோனா பெருந்தொற்று உலகை முடக்கிய வேளையில், கலிபோர்னியாவின் லா ஹோயா ஆய்வு நிலையத்தார் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. நோயிலிருந்து மீண்டவர்களிடம் உதவி டி செல்கள் நன்கு எழுந்திருந்ததை அவர்கள் கண்டனர். அதோடு, பெருந்தொற்றுக்கு முன்பே சேமித்து வைத்திருந்த குருதி மாதிரிகளில் ஏறக்குறையப் பாதியில், அப்புதிய வைரஸை இனங்காணும் உதவி டி செல்கள் இருந்தன. சாதாரணச் சளியை உண்டாக்கும் பழைய கொரோனா வைரஸ்களைச் சந்தித்த நினைவே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்த நினைவு அனைவரையும் நோயிலிருந்து காத்தது என்று சொல்வதற்கில்லை. எத்தனை உயிர்களை நாம் இழந்தோம் என்பது நம் நெஞ்சம் அறியும். ஆயினும், மூக்கைச் சிந்திவிட்டு நாம் மறந்துபோன சளியைக்கூட நம் உடல் மறக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது இரு செய்திகள் நம் நெஞ்சில் தங்குகின்றன. பயன் தெரியாத ஒன்றைப் பயனற்றது என்று நாம் எவ்வளவு விரைவாகத் தீர்ப்பிடுகிறோம் என்பது ஒன்று. தைமஸுக்கு அளித்த தீர்ப்பின் தண்டனையைக் குழந்தைகள் அனுபவித்தனர். முன்னே நின்று வெல்பவரைப் போற்றும் நமக்கு, அவரை நிற்க வைத்தவர் கண்ணில் படுவதில்லை என்பது மற்றொன்று. எதிர்ப்பொருளை உலகம் 1890இல் கண்டது; அதற்கு உதவி செய்வது எது என்று காண மேலும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த உதவியின் முழு அளவை அறியவோ, அதை இழந்து மாண்ட இளைஞர்களும் தாய்மாரும் தேவைப்பட்டனர். நம் அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை எண்ணும்போது, அவர்களை ஒதுக்கிவைத்த நாட்களுக்காக நாம் நாணத்தான் வேண்டும்.

தலைக்குத் தண்ணீர் வார்த்த பிள்ளை தெருவில் விளையாடப் போய்விட்டது. வேப்பிலையை எடுத்தாயிற்று. அப்பிள்ளையின் உடலுக்குள், நரம்பு முடிச்சின் அருகே, காவல் இன்றுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் அது இரவும் பகலும் நடந்தாக வேண்டும்.